கூரைமேல் எட்டு கேன் தண்ணீர்

அடுப்பும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் பழைய வீட்டு வண்டி ஒன்றை விலைக்குப் பார்க்கப் போனால் வில்லா ஹோஃபர் முதலில் அதன் பானட்டின்மேல் கை வைப்பாள். விற்பவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். வில்லா அவரோடு பேசியபடியே உள்ளங்கையைத் தகரத்தில் பதிப்பாள். சூடாக இருந்தால், நாளைக் காலை வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லித் திரும்பிவிடுவாள். இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சின் காலையில் எப்படி இருமுகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதில்தான் அதன் உடம்பு தெரியும். ஆள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைக்கிறவருக்கு அது ஏற்கனவே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே பாலைவனத்தில் இருக்கும் பனிக்குத் தப்பி வருகிறவர்கள் வண்டிகளோடு தங்கும் எங்கள் முகாமில் குளிர்காலம் முழுக்க வண்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருவருக்கு முழங்கால் போகும், இன்னொருவருக்கு மினசோட்டாவில் பேரன் பிறப்பான், வண்டி விலைக்கு வந்துவிடும். வாங்க வருகிறவர்கள் வில்லாவைத் தேடி வருவார்கள். அவள் இதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அவள் சொன்னதைக் கேட்காமல் வாங்கியவர்களிடம் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

தெற்கு டகோட்டாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் சமையல்காரியாக இருந்தவள் அவள். தினமும் முந்நூறு பிள்ளைகளுக்கு ரொட்டி. சரக்கறைக் கதவைத் திறந்ததும் எந்த மாவு மூட்டையில் ஈரம் ஏறியிருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடுமாம். கணவர் எல்மர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் வீட்டை விற்றுவிட்டு, யூமா பக்கம் ஒரு பழைய வீட்டு வண்டி வாங்கினார்கள். எல்மர் டயரைக் குனிந்து பார்த்தார், ரப்பர்ப் பட்டன் எல்லாம் தேயாமல் ஆழமாக இருந்தது. கூரை ஒழுகுமா என்று கேட்டார், ஒழுகாது என்றார் விற்றவர். கை குலுக்கினார்கள். மூன்றாவது வாரம் ஆரிகன் மாநிலத்தில் முதல் மழை பெய்தபோது படுக்கை நனைந்தது. ஐந்தாவது வாரம், பார்க்கப் புதிதாக இருந்த டயர் ஒன்று நெடுஞ்சாலையில் வெடித்து, வண்டித் தரையின் ஒரு பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. ஓடாமல் நின்றே கிழடான டயர் அது. வீட்டு வண்டிகளின் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று சாகிறது. அதன் ஓரத்தில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு அது பிறந்த வாரம், பின் இரண்டு பிறந்த வருஷம். எல்மருக்கு அது தெரியாது. அன்று வில்லாவுக்கும் தெரியாது.

எல்மர் இரண்டு குளிர்காலம்தான் இருந்தார். மாரடைப்பில் போய்விட்டார். வில்லா அந்த வண்டியை ஒட்டி ஒட்டி இன்னும் ஒன்பது வருஷம் ஓட்டினாள். போன அக்டோபரில் வடக்கே பீட்ரூட் அறுவடை வேலைக்குப் போயிருந்தபோது, படுக்கைக்குப் பக்கத்துச் சுவர் உள்ளே மட்கி, ஒரு பெருங்காற்று நாளில் அப்படியே கழன்றுவிட்டது. வண்டி பழைய இரும்புக்குப் போனது. வில்லா பேருந்தில் ஏறி இங்கே வந்து சேர்ந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க என் டிரெய்லர் வீட்டின் சோபாவில்தான் படுத்தாள். நான் ஊரில் லாண்டரிக் கடையில் வேலை பார்க்கிறேன். எனக்கு அதிகம் பேச வராது. அவளும் தேவைக்குத்தான் பேசுவாள். அதனால் இடம் போதாமை எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் பதினைந்துக்குள் முகாமைக் காலி செய்ய வேண்டும், அதற்குமேல் வெயிலே துரத்திவிடும். மே முதல் தேதி அவள் ஆரிகன் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு முகாமில் காவல் வேலைக்குப் போய் நிற்க வேண்டும். எட்டு வருஷமாகக் கோடைதோறும் அவள் பார்க்கும் வேலை. தங்குவதற்குச் சொந்த வண்டியோடு வர வேண்டும், அதில் அடுப்பும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. வண்டி இல்லையென்றால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அவளுக்கு இருப்பது சூ ஃபால்ஸ் ஊரில் நாத்தனார் வீட்டின் நிலத்தடி அறை ஒன்றுதான். அந்த நாத்தனார் வாராவாரம் போன் செய்து, அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன் என்பாள். வில்லா நன்றி சொல்லிவிட்டுப் போனை வைப்பாள்.

டிசம்பரிலிருந்து நான்கு வண்டிகள் பார்த்தாள். நான்கும் வேண்டாம் என்றாள். எங்களுக்கு எதிரே மொன்டானாக்காரர் க்ளைட், முன்பு ரயில்வேயில் இருந்தவர், நாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைச் சீண்டுவார்.

"நாலாவதும் பெயிலா? நல்லவேளை நீ டாக்டருக்குப் படிக்கல, வில்லா. உன்கிட்ட வந்தவன் எல்லாம் பரிசோதனையிலயே போய்ச் சேர்ந்திருப்பான்."

"உன்ன நான் இன்னும் பரிசோதிக்கல, க்ளைட்," என்றாள் வில்லா. "அதனாலதான் இன்னும் உக்காந்திருக்க."

மார்ச் கடைசி வாரத்தில் ஆரின் ப்ராட் தன் வண்டியின் கண்ணாடியில் விற்பனைக்கு என்று எழுதிய அட்டையை வைத்தார்.

ஆரினும் அவர் மனைவி லவோனும் ஐடஹோக்காரர்கள். முகாமின் வடக்கு ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு குளிர்காலமாக அதே புதர் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள். வண்டிக்கு இருபத்து நாலு வயசு. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நெற்றி மாதிரி முன்னால் துருத்திய படுக்கை, பின்னால் சமையல், கழிப்பறை. ஆரின் அதைக் குதிரையைப் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்துக்கொண்டவர். ஆனால் மூன்று நான்கு வருஷமாக அவர் பார்வை நடுவிலிருந்து மங்கிக்கொண்டே வந்து, இப்போது எதிரே நிற்பவரின் முகம் தெரிவதில்லை, ஓரங்கள்தான் தெரிகின்றன. லவோனுக்கு அத்தனை பெரிய வண்டி ஓட்ட வராது. அதனால்தான் விற்கிறார்கள்.

வில்லா முந்தின நாளே போய் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டாள். இன்று மாலையே பிரிட்ஜை கேஸில் போட்டுவிடுங்கள், காலையில் பார்க்கிறேன் என்றாள். கேஸில் ஓடும் அந்தப் பிரிட்ஜ் குளிர ஒரு ராத்திரி பிடிக்கும். அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வருகிறவரால் அது வேலை செய்கிறதா என்று ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது.

காலை ஏழு மணிக்குப் போனோம். பானட் குளிர்ந்திருந்தது. எஞ்சின் முதல் திருப்பலிலேயே பிடித்தது. வில்லா பின்பக்கம் போய்ப் புகைக்குழாயருகே நின்று பார்த்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது நல்ல குறி. பிரிட்ஜுக்குள் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் மெல்லிய பனித்தோல் படிந்திருந்தது. ஜெனரேட்டரைப் போட்டு, அதன்மேல் ஏசியையும் போட்டாள். சும்மா ஓடும் ஜெனரேட்டர் எல்லாம் நன்றாகத்தான் ஓடும், சுமை ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். ஓடியது.

பிறகு டயர். ஆறும் போன வருஷம் மாற்றியது என்றார் ஆரின். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக டயர்கள் ஒட்டியிருக்கும், உள் டயர் நின்று பார்த்தால் தெரியாது. வில்லா மணலில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்து போனாள். கைக்கண்ணாடியும் டார்ச்சும் எப்போதும் அவள் கோட்டுப் பையில் இருக்கும்.

"ஆரின், உள்ள இருக்குற ரெண்டும் பதினொரு வருஷம் பழசு," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

ஆரின் நம்பவில்லை. ஆறுக்கும் காசு கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் கடைக்காரனைத் திட்டினார், பிறகு லவோன் இருப்பது நினைவு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். தனக்குக் கண் தெரியாததை வைத்து எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்பது அவருக்குச் சுட்டது. வில்லா எழுந்து முதுகு மணலைத் தட்டிக்கொண்டாள். அது பெரிய விஷயம் இல்லை, டயர்தானே என்றாள்.

அப்புறம்தான் உள்ளே போனாள். தனியாக. எல்லா ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் மூவரும் வெளியே நின்றோம். ஆரின் அங்கே என்ன பண்ணுகிறாள் என்று கேட்டார். முகர்கிறாள் என்றேன். அவர் சிரித்தார். நல்லா முகரட்டும், பன்னிரண்டு குளிர்காலத்தில் ஒரு சொட்டு ஒழுகினது கிடையாது என்றார். லவோன் சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருக்கவில்லை.

வில்லா கூப்பிட்டபோது டார்ச் பிடிக்க நான் உள்ளே போனேன். காலணியைக் கழற்றி, வெறும் காலால் தரையை அங்குலம் அங்குலமாக மிதித்துப் பார்த்தாள். மட்கிய பலகை பாதத்துக்குக் கீழே ரொட்டி மாதிரி அமுங்கும். எங்கும் அமுங்கவில்லை. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொன்னாள், வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் சுவரில் இருக்கும் சின்ன மேடும் அலையாகத் தெரியும். அலை இல்லை. லவோனும் உள்ளே வந்து ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டினார். சர்க்கரை, மாத்திரைப் பெட்டி, போட்டோ ஆல்பம், நாப்கின்கள், கம்பளி நூல். அந்த வண்டியில் விரல் நுழைய இடம் இல்லை. மேலே முன்படுக்கையின் இடதுமூலையில் இருந்த அலமாரியில் மட்டும் ஆறு பிளாஸ்டிக் தட்டுகள், அவற்றுக்கு அடியில் ரொட்டி சுடும் ஒரு பேக்கிங் தட்டு. வேறொன்றும் இல்லை. நான் அதைப் பார்த்தேன். வில்லா அந்த நேரம் ஜன்னலின் கீழ்மூலையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

கூரைமேலும் ஏறிப் பார்த்தாள். இடுக்குகளை அடைக்கும் சீலன்ட் பசை வயதான தோல் மாதிரி இருந்தாலும் எங்கும் வாய் பிளக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஓட்டினாள், பிரேக் நேராகப் பிடித்தது. உரிமைப் பத்திரத்தில் இருந்த எண்ணையும் வண்டியின் கதவுச் சட்டத்தில் இருந்த எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள். திரும்பி வந்தபோது, நாளை காலை முடிவு சொல்கிறேன் என்றாள். அவள் குரலைக் கேட்டாலே தெரிந்தது, முடிவு செய்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் டிரெய்லரில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். அவள் எங்கே எந்தப் பாத்திரத்தை வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அதனாலேயே எனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. கடைசிக் கிழங்கு வரைக்கும் சொல்லவில்லை.

"மேல இடதுமூலை அலமாரியில பிளாஸ்டிக் தட்டு மட்டும்தான் இருந்துச்சு," என்றேன். "அடியில ஒரு பேக்கிங் தட்டு."

வில்லாவின் கத்தி நின்றது. "தட்டுக்கெல்லாம் அடியிலயா?"

"அடியில."

பேக்கிங் தட்டை எல்லோரும் ஓவனுக்குள் வைப்பார்கள். வண்டியில் வாழ்கிற ஒருத்தி, அவ்வளவு நல்ல அலமாரியை ஆறு தட்டுக்காகக் காலியாக விட மாட்டாள்.

"இங்க நவம்பருக்கு அப்புறம் மழையே இல்ல," என்றாள் மெதுவாக. "நான் முகந்து பாத்தேன். காஞ்ச இடத்துல உக்காந்து ஈரத்த முகந்து பாத்திருக்கேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. யூமாவுல எல்மர் பண்ணுனதும் இதேதான்."

மறுநாள் காலை அவள் கை குலுக்கப் போகவில்லை. தண்ணீர் ஊற்ற ஆரினிடம் அனுமதி கேட்கப் போனாள். கூரைமேல் மழை மாதிரி ஊற்றிப் பார்க்க வேண்டும் என்றாள்.

எங்கள் முகாமில் அது எப்படிப்பட்ட கேள்வி என்று சொல்லியாக வேண்டும். தண்ணீர் நான்கு மைல் தள்ளி இருக்கும் குழாயிலிருந்து நீலக் கேனில் வரும், கேனுக்கு ஐந்து கேலன், கிட்டத்தட்ட இருபது லிட்டர். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து கழிப்பறைக்கு ஊற்றுகிறவர்கள் நாங்கள். மணலில் தண்ணீர் கொட்டுகிறவரை யாரும் மறக்க மாட்டார்கள். அதைவிடப் பெரியது இன்னொன்று. இங்கே பத்திரம் எழுதுவது கடைசியில்தான், முதலில் வார்த்தை. ஒருவர் தன் வண்டி ஒழுகாது என்று சொன்ன பிறகு அதில் தண்ணீர் ஊற்றுவது, அவரை எல்லார் முன்னாலும் பொய்யர் என்று சொல்வதுதான்.

ஆரின் எழுந்து நின்றார். உயரமான மனிதர். வில்லாவின் முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தார், அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு ஏதாவது தெரியும்.

"பன்னெண்டு வருஷமா என்னத் தெரியும் உனக்கு. என் வார்த்தை போதாதா?"

"உங்க வார்த்தைய நம்புறேன், ஆரின். கூரைதான் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்குமான்னு தெரியல."

"டயர் விஷயத்துல ஏமாந்துட்டேன்னு இதுலயும் குருடன்னு நினைக்கிற."

"இல்ல. இந்த வண்டியத் தவிர எனக்கு வேற வீடு கிடையாது. இருக்குற அத்தனையையும் இதுல போடப்போறேன். ஆரிகன்ல மே மாசம் மழை. அங்க போயி தெரிஞ்சுக்கிறதுக்கு இங்கயே தெரிஞ்சுக்கிறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வில்லா கெஞ்சவில்லை. என் டிரெய்லருக்கு வந்து எங்களிடம் இருந்த நான்கு கேன்களையும் என் காரில் ஏற்றினாள். க்ளைட் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், நாற்பது வருஷம் ரயில்வேயில் இருந்தேன், இவ்வளவு முட்டாள்தனமாகத் தண்ணீரைக் கொட்டி நான் பார்த்ததே இல்லை என்றார். பிறகு உள்ளே போய்த் தன் இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நான் ஒரு வாரம் குளிக்க மாட்டேன். அந்த வாசனைய நீங்க ரெண்டு பேருந்தான் பொறுத்துக்கணும்."

"இப்ப மட்டும் என்ன," என்றாள் வில்லா.

ஆறு கேனோடு நாங்கள் திரும்பி வந்து இறக்கிய சத்தத்தை ஆரின் எண்ணிக்கொண்டே கேட்டார். அப்புறம் தன் வண்டிக்குப் பின்னால் போய்த் தடவித் தடவி இரண்டு நீலக் கேனைத் தூக்கி வந்து எங்கள் கேன்களோடு வைத்தார்.

"ஊத்து. என் தண்ணியையும் சேர்த்து ஊத்து. எட்டுக் கேனும் காலியான அப்புறம் இந்த முகாம் முழுக்கக் கேக்குற மாதிரி என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்குறேன்," என்றாள் வில்லா.

பெரிய காபி டப்பா ஒன்றின் அடியில் ஆணியால் துளைகள் போட்டிருந்தாள். ஏணியில் ஏறிக் கூரையில் முழங்காலிட்டாள். க்ளைட் கேனை மேலே கொடுத்தார். அவள் எடுத்த எடுப்பில் எல்லா இடத்திலும் ஊற்றவில்லை. பின்கோடியில் தொடங்கி, ஒரு துவாரத்தைச் சுற்றி ஊற்றி, ஐந்து நிமிஷம் காத்திருந்து, நான் உள்ளே டார்ச்சோடு பார்த்து இல்லை என்று சொன்ன பிறகே அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். ஒரேயடியாக ஊற்றினால் ஒழுகுவது தெரியும், எங்கிருந்து என்று தெரியாது. கழிப்பறை மேல் மூடி, ஏசி, சமையலறை விசிறி. இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் வெளியே ஆரின் தலையை ஆட்டுவது ஜன்னல் வழியே தெரிந்தது. நான்கு கேன் தீர்ந்தது. ஐந்தாவதோடு வில்லா வண்டியின் நெற்றிப் பக்கம் நகர்ந்தாள்.

அப்போது லவோன் உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. முன்படுக்கையில் கால்மாட்டில் மடித்திருந்த மெத்தை விரிப்பை எடுத்து ஓட்டுநர் இருக்கையில் போட்டார். இடதுமூலை அலமாரியின் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து, பிளாஸ்டிக் தட்டுகளை வெளியே எடுத்தார். பேக்கிங் தட்டைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்தார். எத்தனையோ தடவை செய்த கை. மேலே இன்னும் ஒரு சொட்டு விழவில்லை.

ஆரினுக்குக் கண்தான் போயிருந்தது. அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் அவருக்குத் தெரியும்.

"லவோன்," என்றார் வெளியிலிருந்து. "அது மேல மூலை அலமாரித் தாழ்ப்பாள். எதுக்கு இப்ப அதத் திறக்குற?"

லவோன் கை அப்படியே நின்றது. மேலே வில்லா தண்ணீரைச் சாய்த்தாள். கூரையில் மழைச் சத்தம். ஒரு நிமிஷம் இருக்கும். பேக்கிங் தட்டில் டக் என்று ஒரு சத்தம் விழுந்தது. பிறகு இன்னொன்று.

ஆரின் வாசல் படியில் உட்கார்ந்தார். வில்லா ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். சொட்டுவது மட்டும் கேட்டது.

"எவ்வளவு நாளா?" என்றார் ஆரின்.

"மூணு குளிர்காலமா. ஏழு மழை."

"எண்ணிக்கிட்டு வேற இருந்திருக்க. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஏணியில ஏறியிருப்பீங்க," என்றார் லவோன். "எனக்குக் கூரை ஒழுகுனாப் பரவாயில்ல."

க்ளைட் காலி கேனின் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தார். ஆரின் எழுந்து, வண்டியைத் தொட்டுக்கொண்டே முன்பக்கம் நடந்து, கண்ணாடியில் இருந்த விற்பனை அட்டையைக் கையால் துழாவி எடுத்தார்.

"வில்லா, உன் தண்ணிக்கு நான் தண்ணி கொண்டுவந்து குடுத்துடறேன். இந்த வண்டி விக்கிறதுக்கில்ல. ஒழுகாதுன்னு சொல்லி ஒழுகுற வண்டிய விக்கிற ஆள் நான் இல்ல."

முகாமைக் காலி செய்ய இன்னும் இரண்டரை வாரம்தான் இருந்தது. நான் தட்டைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அவள் கையில் சாவி இருந்திருக்கும் என்று தோன்றியது.

வில்லா இறங்கி வந்தாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அவரோடு வாதாடவில்லை. என்னைத் தாண்டி முன்படுக்கைக்கு ஏறி, பையிலிருந்து கூர்முனை ஊசியை எடுத்து, அலமாரிக்குப் பின்னால் இருந்த பலகையில் கையகல இடத்தில் பத்துப் பதினைந்து தடவை குத்திப் பார்த்தாள். ஊசி எங்கும் உள்ளே போகவில்லை. இந்த வெயில் ஒவ்வொரு மழையையும் மறுநாளே உறிஞ்சிவிட்டிருக்கிறது. பலகை கெட்டியாக இருந்தது. இறங்கி வந்து ஆரின் முன்னால் நின்றாள்.

"இந்தக் குளிர்காலத்துல அஞ்சு வண்டி பாத்துட்டேன். அஞ்சு பேரும் ஒழுகாதுன்னுதான் சொன்னாங்க. எங்க ஒழுகுதுன்னு எனக்குத் தெரிஞ்ச வண்டி இது ஒண்ணுதான். நேத்து ராத்திரி எனக்குப் பயமா இருந்துச்சு, ஆரின். இப்ப இல்ல. எனக்கு இந்த வண்டிதான் வேணும்."

அவர் அட்டையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"இடதுபக்கம், நெத்தியில, கடைசி ஆரஞ்சு விளக்கு," என்றாள். "அதுக்குள்ளதான் தண்ணி போகுது. அத எப்பக் கழட்டுனீங்க?"

ஆரின் நிமிர்ந்தார். அந்த விளக்கு எரியவில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்தான் மாற்றினார். அப்போதே பார்வை மங்க ஆரம்பித்திருந்தது, ஆனால் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சீலன்ட் விளக்கைச் சுற்றி விழுந்ததா பக்கத்தில் விழுந்ததா என்று பார்த்ததாக நினைத்துக்கொண்டார். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. லவோனிடம் சொன்னார், தணிந்த குரலில், நாங்கள் அங்கே இல்லாதது மாதிரி. லவோன் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"ரெண்டு ஸ்க்ரூ," என்றார் கடைசியில், வில்லாவைப் பார்த்து. "மேல உள்ளது துருப்பிடிச்சிருக்கும். முதல்ல கொஞ்சம் இறுக்கிட்டு அப்புறம் கழட்டு. நேராக் கழட்டுனா தலை போயிடும்."

"நீங்க ஏணியப் பிடிங்க. அடுத்தது என்னன்னு கீழ இருந்து சொல்லுங்க."

அப்படித்தான் அந்தக் காலை போனது. அவர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், மேலே நடப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். பழைய பசையை நகத்தால் தொட்டுப் பார், இன்னும் பிசுபிசுப்பாக இருந்தால் சுரண்டு. புதுப் பசையை விளிம்பில் விடாதே, விளக்குக்குப் பின்னால் விடு. வில்லாவுக்கு இதெல்லாம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டே செய்தாள். க்ளைட் நிழலில் உட்கார்ந்து, ஒரு விளக்குக்கு நாலு பேர், ரயில்வேயும் இப்படித்தான் நஷ்டத்தில் போனது என்றார். லவோன் அவருக்கு ஒரு துண்டு பழக்கேக்கைக் கொடுத்து வாயை அடைத்தார்.

சீலன்ட் காய ஒரு நாள் விட்டார்கள். மறுநாள் மீதி இருந்த மூன்று கேன் தண்ணீரும் அந்த ஒரே மூலையில் போனது. நான் உள்ளே பேக்கிங் தட்டில் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம். கை காய்ந்தே இருந்தது.

விலையில் பெரிய தொகை ஒன்றைக் குறைக்க முன்வந்தார் ஆரின். வில்லா ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே இருக்கும் இரண்டு டயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள், அதுவும் நான் முன்னால் நின்று எண்ணைப் படித்த பிறகு என்றாள். மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னாயே என்று க்ளைட் நினைவுபடுத்தினார். வில்லா முகாம் முழுக்கக் கேட்கிற மாதிரி, அவள் வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கும், குரலை உயர்த்தி, ஆரின் ப்ராட் பொய் சொல்லாத மனிதர் என்று சொன்னாள். பிறகு இருவரும் கை குலுக்கினார்கள்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி காலையில் புறப்பட்டாள். அதற்கு முந்தின நாள் சாமான் அடுக்க நான் போயிருந்தேன். ஊரில் இருபத்தைந்து பவுண்டு மாவு மூட்டை ஒன்று வாங்கி வந்திருந்தாள். அதை எங்கே வைப்பது என்று கேட்டேன். அவள் ஏறி, இடதுமூலை அலமாரியைத் திறந்து, உள்ளே தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டாள். அடியில் தட்டு எதுவும் வைக்கவில்லை. பேக்கிங் தட்டு ஓவனுக்குள் இருந்தது.

மே கடைசியில் லாண்டரிக் கடை முகவரிக்கு ஆரிகனிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. கடல், பாறை, மேகம். பின்னால் அவள் கையெழுத்தில் இரண்டு வரி.

"பதினோரு நாளாக விடாத மழை. இன்று ரொட்டி சுட்டேன், மாவு காய்ந்திருக்கிறது."